‘குடல் அடைப்பு’ வேண்டாமே

> ‘கட் குளோஷர்’ என்பதற்குக் ‘குடல் அடைப்பு’ போதாதா?

போதாது ஐயா. பிறந்த உயிரின் குடல், பெரிய மூலக்கூறுகளை ரத்தத்துக்குள் விடுவதை நிறுத்திக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘கட் குளோஷர்’ (gut closure) என்கிறார்கள்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குடல் அடைப்பு என்றால் வயிறு உப்பி, பச்சையாக வாந்தியெடுத்து, கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நோய். கோத்தகிரி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டப்போகும் தாளில் ‘பிறந்த குழந்தைக்குக் குடல் அடைப்பு இயல்பு’ என்று எழுதினால் தாய்மார் என்ன ஆவார்கள்? நேற்று ஒருவர் சொன்ன ‘கதவடைப்பு’ தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களிடமே இருக்கட்டும்.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஆங்கிலம் இரண்டு சங்கதிகளை ஒரே பெயரில் அழைக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதம்) கன்றுக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் கிடைத்தாக வேண்டும். கன்றின் குடல் அதை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அது நின்றுவிடும். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் கட்டியாகிறதே, புரதம் மிகுந்திருப்பதால்தான். அதில் கணிசமான பங்கு இந்த எதிர்ப்பொருள். (கன்று குடித்தது போக மிச்சம்தான் நமக்கு என்று சொல்லிக்கொள்கிறோம்.)

மனிதக் குழந்தைக்கு ரத்தத்தில் வேண்டிய எதிர்ப்பொருள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகவே பெரும்பாலும் வந்துவிடுகிறது. தாயின் சீம்பாலில் வருவது ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. குடலின் உட்பரப்பிலேயே தங்கிக் கிருமிகளை ஒட்டவிடாமல் தடுக்கிறது. குடற்சுவரின் செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் மெல்ல நெருங்குகின்றன. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இது சீக்கிரம் நடக்கிறது. கன்றைப் போல ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை.

ஆகவே கன்றுக்கு ‘உறிஞ்சல் நிறுத்தம்’, குழந்தைக்குக் ‘குடற்சுவர் முதிர்வு’ என்று பிரித்துவிடலாம் என்பது என் கட்சி. ‘செறிவு’ அழகான சொல்தான், ஆனால் அதை வேதியியல் எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. ‘குடல் இறுக்கம்’ என்றால் பாட்டிகள் விளக்கெண்ணெய் தேடுவார்கள்.

அப்புறம், அதே தாளில் சேர்க்கவேண்டிய தேன் விஷயம். ‘சுத்தமான மலைத்தேன், பிறந்த பிள்ளைக்குச் சேனை வைத்தால் என்ன?’ என்று இங்கே கேட்கத்தான் செய்வார்கள். சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை வளரவிடாது. கைக்குழந்தைக்கு அந்தக் கூட்டம் இன்னும் முழுசாகச் சேரவில்லை. இது சுவரின் சங்கதி அல்ல. எனவே ‘குடற்சுவர் முதிர்வு’ பத்தியில் செருகாமல், ‘ஒரு வயதுவரை தேன் கூடாது’ என்று தனிக் கட்டத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்.