சுரண்டலாமா, மூடிவிடலாமா? பாப்கார்ன் சீலிங் எடுத்தவர்களின் அனுபவங்கள்

கனடா, ஸ்காபரோவிலிருந்து:

நாங்கள் வாங்கியது 1970களின் தொடக்கத்தில் கட்டிய பங்களோ. குசினியும் குளியலறையும் தவிர வீடு முழுக்கப் பொப்கோர்ன் சீலிங், அதாவது சோளப்பொரி ஒட்டியது போலச் சொரசொரப்பாக விசிறிய பூச்சு. ஒட்டடை பிடித்தால் துடைக்க வழியில்லை. தும்புத்தடி பட்டாலே மணி மணியாகக் கொட்டும். அந்தக் காலத்து பில்டர்கள் இதை ஏன் விரும்பினார்கள் என்றால், ட்ரைவோல் (காகிதம் ஒட்டிய ஜிப்சம்) பலகைகளின் பொருத்துகளைப் பூசி, காயவிட்டு, தேய்த்து மட்டமாக்க ஆளும் நேரமும் வேண்டும். இதை ஒருக்கால் விசிறிவிட்டால் கோணல் எல்லாம் மறைந்துவிடும். சத்தத்தையும் கொஞ்சம் அடக்கும் என்று சொல்லி விற்றார்கள்.

சுரண்டி எடுப்போம் என்று கதை தொடங்கியதும், அந்தக் காலத்துப் பூச்சில் அஸ்பெஸ்டஸ் (கல்நார்) இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்றேன். மாமா சிரித்தார். "ஊரிலே அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழேதானே படுத்தெழும்பினோம், எங்களுக்கு என்ன வந்தது?" எங்கள் ஆட்களின் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இராது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கூரைத் தகட்டில் நார் சீமெந்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும், பழசாகி மேற்பரப்பு அரிபடும்போதும்தான் அது கிளம்பும். அதுவும் நல்லதென்று சொல்ல வரவில்லை. ஆனால் பொப்கோர்ன் விரலால் நசுக்கினாலே மாவாகும் பொருள். அதைக் காய்ந்தபடி சுரண்டுவது, நாரைக் கையால் எடுத்துக் காற்றில் விடுவதற்குச் சமம். மூச்சோடு உள்ளே போன நார் நுரையீரலில் தங்கிவிடும். மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20, 30, சிலருக்கு 40 வருடமும் ஆகும். ஆகவே "என்ன வந்தது" என்பதை இன்றைக்கு வைத்துச் சொல்ல முடியாது. மாமாவுக்கு இன்னொன்றும் சொன்னேன்: இலங்கை 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடுக்கத்தான் பார்த்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு என்று சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தடையைத் தள்ளிப்போட்டது. கனடா மட்டும் என்ன, கியூபெக்கில் 2011 வரை தோண்டியது. அந்தச் சுரங்க ஊரின் பெயரே அஸ்பெஸ்டஸ்தான், 2020இல்தான் பெயரை மாற்றினார்கள். நாடு முழுவதற்குமான தடை 2018 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது.

சரி, சோதனை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் அஸ்பெஸ்டஸ் விதி 278/05இன்படி 90 சதுர மீற்றருக்குக் குறைவான ஒரே மாதிரியான பூச்சுக்கு 3 மாதிரி எடுக்க வேண்டும், ஒன்று போதாது. விசிறிய கலவை தொட்டிக்குத் தொட்டி மாறியிருக்கும். ஒரு மாதிரியில் 0.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழுச் சீலிங்கும் அஸ்பெஸ்டஸ்தான், மற்றதைப் பார்க்கத் தேவையில்லை. நாங்கள் ஆளைக் கூப்பிட்டு எடுப்பித்தோம். அவர் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ட்ரைவோல் தெரியும் வரை ஆழமாக ஒரு சிறு துண்டைக் கிளப்பிப் பைக்குள் போட்டு, அந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துப் பூசிவிட்டுப் போனார். முடிவு: கிறைசோட்டைல், அதாவது வெள்ளை அஸ்பெஸ்டஸ், இருக்கிறது.

ஒரு சதுர மீற்றருக்கு மேல் இதை எடுப்பது இங்கே டைப் 3 வேலை, அதாவது ஆகக் கடுமையான வகை. தளபாடம் எல்லாம் வெளியே. நிலமும் சுவரும் பிளாஸ்ரிக். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை நிறுத்தி, காற்றுத் துவாரங்கள் அத்தனையும் அடைப்பு. உள்ளே இருக்கிற காற்றை வடிகட்டி வெளியே தள்ளும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் வேலை நடக்கும் இடத்துக்குள் காற்று போகுமே ஒழிய, அங்கிருந்து வீட்டுக்குள் வராது. வேலையாட்கள் குளித்துத்தான் வெளியே வந்தார்கள். கடைசியில் காற்றுச் சோதனை தேறிய பிறகுதான் பிளாஸ்ரிக்கைக் கழற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் செத்துவிட்டார்களா என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்!

விலையைக் கேட்டதும் முழு வீட்டுக்கும் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். ஹோலும் சாப்பாட்டறையும் மட்டும் எடுப்பித்தோம். சாப்பாட்டறையில் பழைய ஒழுக்கால் பூச்சு ஊதி, உதிர்ந்துகொண்டிருந்தது, அதை விட்டுவைக்க முடியாது. படுக்கையறைகளில் நல்ல நிலையில் இருந்ததால், சுரண்டாமல் அதன் மேலேயே புது ட்ரைவோல் அடித்து மூடினோம். ஆனால் அதற்கும் ஆணி ஏற்றினால் பழைய பூச்சைத் துளைத்துத்தானே ஆக வேண்டும்? ஆகவே அதையும் அதே ஆட்களிடமே கொடுத்தோம். வீட்டுப் பத்திரங்களோடு "இந்த அறைகளில் மேலே இருக்கிறது" என்று எழுதியும் வைத்திருக்கிறோம். பின்னொரு நாள் யாராவது சீலிங்குக்குள் பதிக்கும் பொட் லைட் போட ஓட்டை போடுவார்களே.

மிசிசாகாவிலிருந்து:

எங்கள் வீடு 1990களின் நடுவில் கட்டியது. இருந்தும் லேபுக்கு அனுப்பி, இல்லை என்று காகிதம் வந்த பிறகுதான் நானும் மனைவியும் கை வைத்தோம். நான் எழுதுவது அப்படிச் சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த சீலிங்குக்கு மட்டும்.

முதலில் மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மூலையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் போதும். சட்டென்று உறிஞ்சிக் கறுத்தால் பெயின்ட் இல்லை, பாதி வேலை முடிந்த மாதிரி. துளித்துளியாக நின்று சொட்டினால் யாரோ அடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுக்குப் படுக்கையறைகள் பெயின்ட் இல்லாதவை, ஹால் அடித்தது.

பெயின்ட் இல்லாத அறை சுலபம். செடிக்கு மருந்தடிக்கும் பம்ப் ஸ்பிரேயரில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலமான ட்ரைவால் கத்தியால் படுக்கைவசத்தில் தள்ளினால் தயிர்சாதத்தை வழிக்கிற மாதிரி வந்துவிடும். கத்தியின் இரண்டு முனைகளையும் அரத்தால் தேய்த்து மழுங்க வையுங்கள், இல்லாவிட்டால் கோடு கோடாகக் கிழிக்கும். தண்ணீர் அதிகமானால் அடியிலுள்ள ட்ரைவால் காகிதம் ஊறிக் கிளம்பும், பொருத்தில் ஒட்டிய டேப்பும் கூடவே வரும். ஒரு நேரத்தில் கை எட்டுகிற அளவுக்கு மட்டும் நனையுங்கள். விளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் பிரேக்கரை அணையுங்கள், சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தரையில் பிளாஸ்டிக்கின் மேல் பழைய பெட்ஷீட் விரிப்பது நல்லது, வெறும் பிளாஸ்டிக்கில் ஈரக் கூழோடு ஏணியில் ஏறி இறங்கினால் வழுக்கும்.

சுரண்டுவதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தொடங்குகிறது. பாப்கார்ன் போன பின்பு, பில்டர் எதை மறைக்க அதை அடித்தாரோ அது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். ஒரே கோட் பூசிய பொருத்துகள், மூடாத ஆணித் தலைகள், பலகைக்குப் பலகை மேடு பள்ளம். முழுச் சீலிங்கையும் மட் (பொருத்துப் பூசும் களிம்பு) வைத்து மெல்லிசாக ஸ்கிம் பண்ண வேண்டும். காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டு இரவில் தூக்கம் வராது. காகிதம் கிழிந்த இடத்தில் நேராக மட் பூசினால் குமிழ் விடும், முதலில் சீலர் அடித்துக் காயவிடுங்கள். டார்ச்சைச் சீலிங்குக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு குறையும் நிழலோடு நிற்கும். பெயின்ட் அடிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பெயின்ட் அடித்த ஹாலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். மேல் தோல் உரிய மாட்டேன் என்கிறது, உரிந்தால் காகிதத்தையும் கொண்டு வருகிறது. புது ட்ரைவால் போட்டு மூடியதே மேல். பெயின்ட் அடித்த சீலிங்கைச் சுரண்டுவது வீண் வேலை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்.

லண்டன் ஹாரோவிலிருந்து:

இங்கே பாப்கார்ன் குறைவு, எல்லாம் ஆர்டெக்ஸ். விசிறி விசிறியாகவும் சுழி சுழியாகவும் கோலம் போட்டு இறுகிய பூச்சு. நீங்கள் சொல்லும் பாப்கார்னைப் போல நொறுங்காது, ஆனால் அதிலும் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை அந்தக் கலவையில் சேர்த்தார்கள். வெள்ளை அஸ்பெஸ்டாஸுக்கே முழுத் தடை வந்தது 1999இல்தான். எனவே 2000க்கு முந்தைய வீடென்றால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

இதை எடுக்க 2006இலிருந்து லைசென்ஸ் பெற்ற நிறுவனம் கட்டாயமில்லை. அதை வைத்து "அப்படியானால் ஆபத்தில்லை" என்று சொல்லும் பிளாஸ்டரர்களைப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் வேண்டாம் என்றால் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இயந்திரத்தால் தேய்க்கவே கூடாது. எங்களுக்கு வந்தவர் ஒரு ஜெல்லைத் தடவி, ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுத்தார்.

அடுத்த அறையில் எடுக்கவே இல்லை. நன்றாக ஒட்டியிருந்ததால் பிவிஏ பசை பூசி அதன் மேலேயே பிளாஸ்டர் ஸ்கிம். ஒரு பகல் வேலை, கண்ணாடி போல வந்தது. முனைகள் உயரமாக நின்றால் தட்டி எடுக்கத் தோன்றும், அங்கேதான் தூசி கிளம்புகிறது. தட்டாமல் இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசச் சொல்லுங்கள். கவுன்சில் வீடாகவோ வாடகை வீடாகவோ இருந்தால் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பிராம்ப்டனிலிருந்து:

எங்களுக்கு வந்த கான்ட்ராக்டர் "டெஸ்ட் எல்லாம் காசு பிடுங்கும் வேலை, நான் இது மாதிரி நூறு வீடு செய்திருக்கிறேன்" என்றார். நாங்கள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில், காய்ந்த சீலிங்கைச் சுரண்டி, வீட்டு வேக்குவமால் கூட்டியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் துணி அலமாரிக்குள் கூட வெள்ளைப் பொடி. பிறகு அந்தப் பொடியைச் சோதிக்கக் கொடுத்தோம். நல்ல வேளையாக இல்லை என்று வந்தது. அது வரும் வரை குழந்தையோடு தங்கை வீட்டில் கிடந்தோம். அந்த வேக்குவத்தை இனிப் பயன்படுத்தலாமா என்று இப்போதும் பயம். அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை.

ஸ்காபரோவிலிருந்து மீண்டும்:

பிராம்ப்டன் சகோதரிக்கு: அந்த வேக்குவத்தைத் தொடர்ந்து பாவிக்கலாமா என்று பயப்பட வேண்டாம், முடிவு இல்லை என்றுதானே வந்தது. இருக்கிறது என்று வந்திருந்தால் கதை வேறு. சாதாரண வேக்குவம் நுண்ணிய நாரைப் பிடிக்காது, பின்பக்கத்தால் ஊதிவிடும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள, அதற்கென்றே செய்த இயந்திரம் வேண்டும். கோவிட் காலத்து என்95 முகமூடியும் இதற்குப் போதாது.

மிசிசாகா நண்பருக்கு: பெயின்ட் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பழைய வீட்டில் அந்தப் பெயின்டில் ஈயமும் இருக்கலாம், அதையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

விட்டுப்போன ஒன்று. சீலிங்கை வெட்டித் திறக்க நினைப்பவர்கள் முதலில் அற்றிக்கில் (கூரைக்குக் கீழுள்ள பரணில்) ஏறி என்ன கொட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாம்பலும் பொன்னிறமும் கலந்த, மினுங்கும் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் (குளிரைத் தடுக்கக் கொட்டும் கனிமம்) இருந்தால் கை வைக்காமல் இறங்கிவிடுங்கள். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலம் லிபிச் சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் இங்கேயும் நிறைய வீடுகளில் போட்டார்கள். அந்தச் சுரங்கம் 1990இல்தான் மூடியது. கீழே பொட் லைட்டுக்கு ஓட்டை போட்டால் அது அப்படியே தலையில் கொட்டும்.

பெயின்ட் வாங்கும்போது சீலிங்குக்கு ஃபிளாட் (மினுக்கமில்லாதது) என்று போட்டதையே எடுங்கள். மினுங்குகிற வகை அடித்தால் நீங்கள் தேய்த்த தேய்ப்பெல்லாம் பகல் வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். எங்கள் ஹோலில் ஜன்னல் பக்கம் இப்போதும் இரண்டு இடத்தில் தெரிகிறது. மாமா வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.