செடிகளைத் தேர்ந்தெடுக்கத் தாவரக் கையேடுகளை எப்படிப் படிப்பது?

தளிர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டின் முன்புறம் சிறு தோட்டம் அமைக்க எண்ணி, தாவரக் களஞ்சியம் ஒன்றையும் அலங்காரச் செடிகளுக்கான கையேடு ஒன்றையும் படித்து வருகிறேன். உயரம், பரப்பு, வெயில், மண், குளிர் தாங்கும் மண்டலம் என்று எல்லாக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஆசைப்பட்டியல் நீள்கிறதே தவிர, எதை நடுவது என்ற முடிவுக்கு வர முடியவில்லை. ஒரே செடிக்கு இரு நூல்களிலும் வெவ்வேறு தாவரவியல் பெயர் இருப்பதும் குழப்பமாக உள்ளது. இடம் 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. காலையில் நல்ல வெயில் விழும், நண்பகலுக்குப் பின் சுவரின் நிழல் வந்துவிடும். வீட்டில் தவழும் குழந்தை உண்டு. நூல்களை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேலியோரம்:
வணக்கம், தளிர். படத்திலிருந்து இடத்துக்கு வராமல், இடத்திலிருந்து படத்துக்குப் போவதுதான் வழி. நூலைத் திறப்பதற்கு முன் நிலத்தைப் பற்றிய குறிப்பைத் தாளில் எழுதிவிடுங்கள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதே முதல் குறிப்பு. கையேடுகளில் 'முழு வெயில்' என்றால் பொதுவாக நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ. 'பகுதி நிழல்' என்றால் ஏறத்தாழ 3 முதல் 6 மணி நேரம். தங்கள் இடம் எதில் சேரும் என்பது சுவரின் நிழல் எப்போது விழத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறும். அடுத்தது வடிகால். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரை நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்பி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால், 'நல்ல வடிகால் வேண்டும்' என்று எழுதியிருக்கும் செடிகளை எல்லாம் தயங்காமல் அடித்துவிடலாம்.

இதற்குப் பிறகுதான் உயரமும் பரப்பும், அதாவது செடி பக்கவாட்டில் விரியும் அகலமும். நூலில் இருப்பது முதிர்ந்த செடியின் அளவு. வாங்கும்போது கையளவு இருப்பதைப் பார்த்து நெருக்கி நட்டுவிடுவது எளிது. பரப்பு 1 மீட்டர் உள்ள செடியையும் 2 மீட்டர் உள்ள செடியையும் அருகருகே நட்டால், இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி, அதாவது 1.5 மீட்டர், தண்டுக்குத் தண்டு இடைவெளி விட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தங்கள் இடத்தில் பெரும் புதர்ச்செடிகள் இரண்டுக்கு மேல் அடங்கா என்பது தெரிந்துவிடும். பட்டியல் தானாகவே சுருங்கும்.

ஏட்டுச்சுவடி:
பெயர்க் குழப்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நிலைநிறுத்திய இருசொற் பெயர் முறைதான் (முதற்சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி; அடுத்த சொல் அதற்குள் உள்ள குறிப்பிட்ட இனம்) இன்றும் தொடர்கிறது என்றாலும், பெயர்கள் மாறாதவை அல்ல. மரபணு ஆய்வுகள் உறவுமுறையைத் திருத்தும்போது பேரினமே மாறிவிடுகிறது. ரோஸ்மேரியைப் பழைய நூல்கள் ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்றும் புதியவை சால்வியா ரோஸ்மரினஸ் என்றும் குறிப்பிடும். சான்செவியரியா என்ற பேரினம் இப்போது டிரசீனா என்ற பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே நூல் வெளியான ஆண்டைப் பாருங்கள். பின்னிணைப்பில் 'இணைப்பெயர்' என்று பழைய பெயரையும் கொடுத்திருப்பார்கள். அதற்காக வழக்குப் பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அரளி என்பது நீரியம் ஒலியாண்டர், மஞ்சள் அரளி என்பது காஸ்கபேலா தெவேடியா. இரண்டும் வேறு வேறு பேரினங்கள். ஆனால் இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு உடையவை என்பதால், தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

மண்வாசி:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மண்டல எண்ணைப் பற்றி ஒரு சொல்: அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் வெளியிட்டு, 2023-இல் புதுப்பித்த வரைபடத்தில் 13 மண்டலங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 10 பாரன்ஹீட் பாகை அகலம் கொண்டது. ஆனால் அது ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டுமே காட்டுகிறது. கோடை வெப்பம், காற்றின் ஈரப்பதம், மழையளவு எதுவும் அதில் இல்லை. பனி உறையாத இடத்தில் வாழ்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் கிடையாது. குளிர்நாட்டு ஆசிரியர் 'முழு வெயில்' என்று எழுதிய செடி, வெப்பநாட்டின் உச்சிவெயிலில் கருகிப்போவதும் உண்டு. எனவே நூல் எந்தத் தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதை முன்னுரையிலேயே தேடிப் பாருங்கள். பலரும் தாண்டிச் செல்லும் பக்கம் அது.

இன்னொன்று, 'விரைந்து பரவும்', 'தானே விதை தூவி வளரும்' என்ற வரிகளைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகுச் செடிகளாகத்தான் நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்பட்டன. இன்று உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரங்களில் அவை இடம்பெறுகின்றன.

தளிர்:
அனைவருக்கும் நன்றி. இன்று மாலையே குழி தோண்டிப் பார்க்கிறேன். ஒரே ஓர் ஐயம்: ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒரு நூலில் நீலப் பூவும் மற்றதில் இளஞ்சிவப்புப் பூவும் உள்ளன. தாவரவியல் பெயர் ஒன்றே. எதை நம்புவது?

ஏட்டுச்சுவடி:
இரண்டுமே சரியாக இருக்கலாம். ஹைட்ரேஞ்சியா மாக்ரோஃபில்லாவின் பல வகைகள், மண் அமிலத்தன்மையுடன் இருந்தால் அதிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகவும், காரத்தன்மையுடன் இருந்தால் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். வெள்ளை வகைகள் இப்படி நிறம் மாறுவதில்லை. படத்துக்குக் கீழே மண் பற்றி எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். அதே பதிவின் இறுதியில், பெரும்பாலும் சிறிய எழுத்தில், நச்சுத்தன்மை பற்றிய குறிப்பும் இருக்கும். இச்செடியின் இலையும் மொட்டும் உண்டால் வயிற்றுக் கோளாறு ஏற்படும். குழந்தை வளரும் வரை இதைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.