நான்கு பேரும் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துவிட்டேன், இரண்டு பேர் கிறிஸ்தவர்களே இல்லை

திருச்சிக்காரன்:
நாங்கள் நான்கு பேர், கல்லூரியிலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். போன வருடம் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் நான்கு பேரும் மாதா கோவிலுக்கு நடந்தே வருகிறோம் என்று நான் பொருத்தனை வைத்துவிட்டேன், அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவன் நன்றாக நடக்கிறான், ஆனால் திருச்சியிலிருந்து 150 கிலோமீட்டர் என்றால் அந்தக் கால் தாங்குமா? கால் முறிந்தவன் இந்து, இன்னொருவன் முஸ்லிம், மற்ற இருவரும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). எல்லோரும் வரத் தயார் என்கிறார்கள். கொடியேற்றத்துக்குப் போவதா, கூட்டம் இல்லாதபோது போவதா? கிறிஸ்தவர்கள் இல்லாத அந்த இரண்டு பேரும் வரலாமா, பூசையில் என்ன செய்ய வேண்டும்?

தஞ்சாவூரான்:
ஏழு தடவை நடந்திருக்கிறேன். புது செருப்பு வாங்காதே, அதுதான் முதல் விஷயம். பழகின செருப்பு, இரண்டு ஜோடி சாக்ஸ், தேங்காய் எண்ணெய். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் எங்காவது ஒதுங்கிவிட வேண்டும், மறுபடி நான்கு மணிக்குமேல். தஞ்சாவூர் தாண்டினால் அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், அப்புறம் கீழ்வேளூர், சிக்கல், நாகை. ஆகஸ்ட் கடைசியில் போனால் வழியெல்லாம் மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள், கொடுப்பவர்களில் பாதிப் பேர் இந்துக்கள்தான். காவி கட்டிக்கொண்டு சின்னத் தேரை இழுத்துக்கொண்டு பாட்டுப் பாடிப் போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் தூரம் தெரியாது. ராத்திரியில் மட்டும் ரோட்டின் வலது ஓரம், முதுகில் மின்னுகிற பட்டை. லாரிக்காரனுக்கு நீ பக்தன் என்று தெரியாது.

நாகைக்காரி:
ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் திருவிழா. இந்த நாட்களில் வந்தால் ரூம் கிடைப்பதே பெரும்பாடு, முதல் தடவை வருகிற நான்கு பேருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஜனவரியில் வாருங்கள், வெயிலும் இருக்காது. பசிலிக்காவில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மாதாகுளம் வரை மணலில் நிதானமாக நடந்து போகலாம். சிலர் முழங்காலிலேயே போவார்கள், அந்தக் காலை வைத்துக்கொண்டு உங்கள் நண்பர் அதை முயற்சி செய்ய வேண்டாம். காணிக்கைகள் வைத்திருக்கிற இடத்தையும் பாருங்கள், வெள்ளியில் கை, கால், கண், தொட்டில் என்று ஊர் ஊராய்க் கொண்டுவந்து கொடுத்தவை. கடலில் இறங்கவே வேண்டாம், இழுப்பு அதிகம்.

நடுத்திட்டு:
மற்ற மதத்தவர் வரலாமா என்ற கேள்வியே எனக்குப் புரியவில்லை. அந்தக் குளத்தங்கரையில் மாதா காட்சி கொடுத்து, குழந்தைக்குப் பால் கேட்டது ஓர் இந்துப் பையனிடம் என்றுதான் காலங்காலமாகச் சொல்கிறோம். நாங்களும் இந்துக்கள்தான், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முதல் மொட்டை அங்கேதான். பூசையில் உட்கார்ந்திருக்கலாம், எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும். நன்மை (சாமியார் கொடுக்கும் அப்பம்) வாங்க மட்டும் வரிசையில் போகக்கூடாது, அது கத்தோலிக்கர்களுக்கு. அந்த நேரம் நாங்கள் இடத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பழைய உபதேசியார்:
தம்பி, எல்லோரும் செருப்பையும் ரூமையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள், பொருத்தனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்தவன் காலுக்கு நீ நேர்ந்துகொள்ள முடியாது. திருச்சபைச் சட்டம் 1193-ஆம் எண்ணில் இது தெளிவாகவே இருக்கிறது, தனி நேர்ச்சை நேர்ந்தவனை மட்டும்தான் கட்டும். அதனால் நடக்க வேண்டியவன் நீ ஒருவன். மற்றவர்கள் வந்தால் அது அவர்கள் பிரியம், வராவிட்டால் மாதாவுக்கு ஒரு கடனும் இல்லை. உனக்கே முடியாது என்றாலும் பங்குசாமியிடம் போய்ச் சொன்னால் நியாயமான காரணம் இருந்தால் விலக்குக் கொடுப்பார், அல்லது அதற்குச் சமமான வேறொரு நல்ல காரியமாக நீயே மாற்றிக்கொள்ளலாம். வேண்டும்போது ஊரையே சேர்த்து நேர்ந்துகொள்வது நம் ஆட்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, என் மனைவி என்னை இப்படித்தான் இரண்டு தடவை மொட்டை அடிக்க வைத்தாள்.

திருச்சிக்காரன்:
உபதேசியார் ஐயா, பெரிய பாரம் இறங்கியது. அவனிடம் படித்துக் காட்டினேன், "என் காலை நீ அடகு வைத்தது செல்லாது என்று சர்ச்சே சொல்லிவிட்டதா" என்று ஒரு மணி நேரம் சிரித்தான். ஜனவரி என்று முடிவாகிவிட்டது. நாங்கள் மூன்று பேர் திருச்சியிலிருந்து நடக்கிறோம், அவன் ரயிலில் நாகப்பட்டினம் வந்து கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு எங்களோடு சேர்ந்துகொள்கிறான், அதுவும் டாக்டர் சரி என்றால்தான். ஆனால் ரயிலில் வருகிறவன் வழியில் சிக்கல் முருகனைப் பார்த்துவிட்டு வருவானாம். முஸ்லிம் நண்பனோ, நாகை வரைக்கும் வந்து நாகூர் தர்காவில் ஆண்டவரைப் பார்க்காமல் திரும்பினால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்கிறான். நாகூரிலிருந்து திரும்பி வர ஷேர் ஆட்டோ கிடைக்குமா, நாகைக்காரி அக்கா?