கதவு திறந்த பிறகு கொடுவா எங்கே நிற்கும்? – அனுபவப் பகிர்வு

வல்லைவெளி:

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் தூண்டில்காரரின் பேச்சு ஒன்றுதான். தொண்டைமானாற்று அணைக்கதவு திறந்தாச்சா, கொடுவா மீன் இறங்குதா? ஆளுக்கொரு கதை உண்டு, எழுதி வைத்தவர் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை. நான் பார்த்ததை முதலில் போடுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். பெரிய ஆறுகளில் பிடித்தவர்கள், வெளிநாட்டில் வேறு மீனோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லாரும் வரலாம்.

எங்கள் இடம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரிக்குள் விழும். தொண்டைமானாறு என்பது தெற்கே முள்ளியான் பக்கம் வரை நீண்டு கிடக்கிற ஏரி கடலோடு சேரும் வாய். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப்போக வெட்டியது என்று கதை. கோடையில் உப்பு உள்ளே ஏறாமல் அணைக்கதவை மூடி வைப்பார்கள். மாரியில் ஏரி நிரம்பி வயலுக்குள் ஏறப் பார்க்கும்போது திறப்பார்கள். அப்போது வருகிற ஓட்டம்தான் எங்களுக்கு ஆறு.

கொடுவா உப்புத்தண்ணியில் முட்டை போடுகிற மீன். குஞ்சுகள் சவர்நீர், நன்னீர் என்று உள்ளே ஏறி வளரும். வளரும்போது ஆண், நன்றாகப் பெருத்த பிறகு பெண்ணாக மாறும். அதனால் நீங்கள் பெருமையோடு படம் எடுக்கிற பெரிய மீன் அநேகமாகப் பெண். மழை வெள்ளம் அதைக் கடல்வாய்ப் பக்கம் இழுக்கிறது. இடையில் கதவு நிற்கிறது. மீன் கதவுக்கு வந்து காத்திருக்கிறது என்று சனம் சொல்வது இதைத்தான்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழை விட்ட கையோடு போனேன். தண்ணி பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அணையில் நிற்க இடமில்லை. எல்லாரும் ஓட்டத்தின் நடுவுக்கே எறிகிறார்கள், எல்லாருக்கும் சாதாளைப் பாசிதான் கொழுவுகிறது. ஓரத்தில் ஒரு வயதான அண்ணை மட்டும் தடி, ரீல் ஒன்றும் இல்லாமல் கைத்தூண்டிலோடு குந்தியிருந்தார். சுவரில் பட்டுத் தண்ணி திரும்பிச் சுழிக்கிற இடம் இருக்கிறதே, ஓடுகிற தண்ணியும் நிற்கிற தண்ணியும் உரசுகிற கோடு, அந்தக் கோட்டில்தான் உயிர் இறாலை விட்டுக்கொண்டிருந்தார். மிதப்பு இல்லை. ஈயமும் பயறளவுதான்.

அவர் கண் தூண்டிலில் இல்லை, சுவரில் இருந்தது. ஈரக்கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணி இறங்கியதும், “தம்பி, இனித்தான்” என்றார். சொன்னபடிதான் நடந்தது. முதலில் சுழியின் ஓரத்தில் மணலை மீன்குஞ்சுகள் சிதறிப் பாய்ந்தன. பிறகு தண்ணிக்குள் யாரோ கதவைச் சாத்தினது போல ஒரு சத்தம். கொடுவா கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணியோடு சேர்த்து உறிஞ்சும். அந்தச் சத்தம் அதுதான். தங்கூசி நூல் அவர் விரலுக்கிடையில் ஓடி இறுகியது. மீன் ஒரு தரம் முழு உடம்போடு மேலே பாய்ந்து தலையை உதறியது, பிறகு சுழிக்குள்ளேயே சுற்றியது. ஓட்டத்துக்குள் போயிருந்தால் அவரால் பிடித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் நீர்மட்டம் கூடவா குறையவா என்று ஆரையும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் நகர்கிறது, நகர்கிற தண்ணி எங்கே தேங்குகிறது, அவ்வளவுதான் பார்க்கிறேன்.

ஒரு விஷயம். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயில் தீர்த்தக்கரைப் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள். அங்கே முதல் பூசை செய்த மருதர் கதிர்காமர் இதே ஆற்றில் மீன் பிடித்தவர் என்பது ஐதீகம், ஆனால் அந்த நியாயத்தை அங்கே போய்ப் பேசாதீர்கள்.

அரியாலையான்:

வல்லைவெளி அண்ணை சொன்ன உரசல் கோடு நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கம், நாவற்குழி உப்பாற்றிலும் அதே கதைதான். கூட ஒன்று சொல்ல வேண்டும், காற்று. யாழ்ப்பாணத்தில் கடல் ஏறி இறங்குவது கூடிப்போனால் இரண்டு அடி. ஏரியோ சப்பை, கனக்க இடத்தில் முழங்கால் தண்ணி. இப்படிப்பட்ட இடத்தில் வாடை பிடித்து அடித்தால் தண்ணியை ஒரு கரையில் இருந்து மறு கரைக்குத் தள்ளிவிடும். கதவு மூடியிருந்தாலும் மட்டம் மாறும். நிலாக் கணக்கைப் பார்த்து வீட்டில் இருக்கிறவனை விட, காற்று விழுந்த பின்னேரம் பாலத்துக்கு வருகிறவனுக்கு மீன் கிடைக்கும். காற்று விழுந்ததும் தள்ளி வைத்த தண்ணி திரும்பி வரும். பாலத்தின் கண்ணுக்குள்ளால் அது வடிகிற நேரம்தான் நேரம்.

இரவில் டோர்ச்சைத் தண்ணிக்கு மேலால் தாழ்த்தி அடித்துப் பாருங்கள். கொடுவாவின் கண் செம்பொன்னாக மின்னும். ஒரு தரம் தூணுக்குப் பின்னால் சோடி சோடியாகக் கண்கள், எல்லாம் ஓட்டத்தைப் பார்த்தபடி. கண்டபிறகு வெளிச்சத்தை அணைத்துவிட வேண்டும், அணைக்காமல் வைத்திருந்தால் அன்றைக்கு அந்தத் தூணில் வேலை இல்லை.

தடி நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலை நிற்கிற இடத்தில் எறியாதீர்கள். அந்தத் தடிகள் ஒரு குடும்பத்தின் சாப்பாடு. போன மாரியில் ஆரோ பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் வலையில் கொழுவிய போலி மீனை எடுக்கிறோம் என்று வலையை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த கிழமை முழுக்கத் தூண்டிலோடு நின்ற எல்லாருக்கும் பேச்சு விழுந்தது. பேசினவர்களில் பிழை இல்லை.

ஒட்டாவா வடலி:

வணக்கம். ஊரில் கொக்குவில், இப்போது கனடாவில் ஒட்டாவா ஆற்றங்கரை. இங்கே நாங்கள் துரத்துவது ஸ்மோல்மவுத் பாஸ். கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஒரு வகை பாஸ் என்பார்கள், ஆனால் இரண்டுக்கும் குடும்பம் வேறு. இது நன்னீர் மீன், கைக்கு அடக்கமானது. ஆனால் இழுவையில் கொடுவாவின் மச்சான்.

இந்த ஆற்றில் வரிசையாக அணைகள். மின்சாரத் தேவைக்குத் தக்கபடி தண்ணி விடுவார்கள், நிறுத்துவார்கள். வெயில் எறிக்கிற நாளிலும் மட்டம் மாறும். 2019 வசந்தத்தில் பெரும் வெள்ளம், 2017 வெள்ளத்தையும் தாண்டியது. இங்கே பாஸ் பிடிக்க ஜூன் பிற்பகுதி வரை அனுமதி இல்லை, ஏனென்றால் அதுவரை ஆண் மீன் கரையோரச் சரளைக்கல்லில் கூடு துப்புரவாக்கி முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அந்த ஆணைத் தூக்கினால் சின்ன மீன்கள் வந்து நிமிசத்தில் கூட்டை முடித்துவிடும். அந்த வருசம் அனுமதி திறந்தபோதும் ஆறு இறங்கி முடியவில்லை. எங்கள் வழக்கமான இடம் நடு ஆற்றுப் பாறைத்திட்டு. அங்கே ஓட்டம் இழுத்த இழுப்பில் ஈயம் அடியில் நிற்கவில்லை, மீனும் நிற்கவில்லை. எங்கே போனது என்று பார்த்தால் கரைக்கு. வழமையாக ஆட்கள் நடக்கிற புல்லுக்கரை தண்ணிக்குள் இருந்தது, அதன் ஓரத்தில் கணுக்காலுக்குச் சற்று மேலே வருகிற தண்ணியில் பாஸ் நின்றது. எங்கள் ஆட்கள் கரையில் நின்றுகொண்டு நடு ஆற்றுக்கு எறிந்தார்கள். மீன் அவர்களின் காலடியில்.

மட்டம் குறையத் தொடங்கினால் இங்கே கதை தலைகீழ். கரையில் நின்ற மீன் ஒரே இரவில் முதல் ஆழ விளிம்புக்குப் பின்வாங்கிவிடும், வாயையும் மூடிக்கொள்ளும். ரப்பரில் செய்த கிறேஃபிஷை, அதாவது நன்னீர்ச் சிங்கி மாதிரியை, கல்லோடு கல்லாக மெதுவாக உருட்டினால் ஒன்றிரண்டு வரும். ஆகவே அண்ணை, குறைகிற தண்ணி நல்லது என்று நீங்கள் சொல்வதை நான் பொதுவாக ஏற்க மாட்டேன்.

வல்லைவெளி:

ஒட்டாவாத் தம்பி, பொதுவாக ஏற்கத் தேவையில்லை. உங்கள் ஆற்றில் தண்ணி குறைந்தால் மீனுக்கு ஒதுங்கும் இடம் குறைகிறது, அது பயந்து ஆழத்துக்குப் போகிறது. எங்கள் ஏரியில் தண்ணி குறைகிறது என்றால் அங்கே இருந்த இறாலும் மணலையும் ஒரே வாயால் வெளியே வருகின்றன. கொடுவாவுக்கு அது பந்தி. இரண்டு ஊரிலும் மீன் சோம்பல்தான், ஓட்டத்தோடு சண்டை பிடிக்காமல் சாப்பாடு வருகிற இடத்தில் நிற்கிறது. கரைக்கு ஏறிய உங்கள் பாஸும் அதைத்தானே செய்தது?

டார்வின் அக்கா:

இங்கே அவுஸ்திரேலியாவில் பரமுண்டி என்று துள்ளுகிறார்கள். அது நம்முடைய கொடுவாவேதான், பெயர் மட்டும்தான் வேறு. யாழ்ப்பாணத்தில் இரண்டு அடி என்றால் டார்வினில் கடல் ஏறி இறங்குவது பெரிய நாட்களில் ஏறக்குறைய 8 மீற்றர். மழைக்காலம் முடிந்து மார்ச், ஏப்ரல் வாக்கில் வெள்ளச் சமவெளி வடியத் தொடங்கும். டேலி ஆற்றுக்கு ஊரே படையெடுக்கும். ஆற்றின் நடுவை ஒருவரும் பார்ப்பதில்லை. சமவெளித் தண்ணி சின்ன வாய்க்கால்களால் ஆற்றுக்குள் விழுகிற இடங்களில், தெளிந்த தண்ணியும் கலங்கல் தண்ணியும் சேர்கிற நிறக்கோட்டில் எறிகிறார்கள். ஆகவே கொடுவா விஷயத்தில் வல்லைவெளி பக்கம்தான் நான்.

கரையில் இறங்கி நிற்காதீர்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். முதலை.

அருவியாற்றுப் பக்கம்:

முதலை என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். மன்னாரில் அருவியாறு நிஜமான பெரிய ஆறு. அனுராதபுரத்தைத் தாண்டி வருகிறது, சிங்களத்தில் மல்வத்து ஓயா. தேக்கம் அணையில் ஒரு பங்கு கட்டுக்கரைக் குளத்துக்குத் திரும்பும், மீதி அரிப்புப் பக்கம் கடலுக்குப் போகும். இதிலும் முதலை உண்டு. ஆனால் நான் பயப்படுவது தண்ணிக்குத்தான். மேலே அனுராதபுரத்துக் குளங்களில் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணி இங்கே வந்து சேர நேரம் எடுக்கும். அதுவரை உங்கள் தலைக்கு மேல் நீல வானம்.

அப்படியான ஒரு காலை, நானும் மச்சானும் மணல்திட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தோம். சிறு கொடுவா ஒன்று எடுத்திருந்தோம். மச்சான் செருப்பைக் கழற்றித் தண்ணி ஓரத்தில் வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது ஒரு செருப்பு மிதந்து போகிறது. அலை இல்லை, சத்தம் இல்லை. தண்ணியின் நிறம் மட்டும் சாடையாகச் சிவந்திருந்தது, சருகும் குச்சியும் வரத் தொடங்கியிருந்தன. தூண்டிலைச் சுருட்டாமல் அப்படியே இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தோம். வரும்போது முழங்காலுக்கு இருந்த இடம் இடுப்புக்கு வந்துவிட்டது. நாங்கள் ஏறி, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து குடித்து முடிக்கவில்லை, திட்டைக் காணோம்.

சருகு வந்தால் ஏறுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் ஏறுங்கள்.

கைதடிப் பொடியன்:

எல்லாம் வாசித்தேன். நான் இப்போதுதான் தடி வாங்கினேன். எந்த நூல், எந்த இரை என்று ஒருவரும் சொல்லவில்லையே? போன கிழமை பாலத்தடியில் ஏதோ பெரிசு எடுத்தது, நூல் அறுந்துவிட்டது. பல்லு வெட்டியதோ தெரியாது.

அரியாலையான்:

தம்பி, பல்லு இல்லை. கொடுவாவின் வாய் உள்ளே அரம் மாதிரிச் சொரசொரப்பு, கனநேரம் உரஞ்சினால் மெல்லிய நூல் தேய்ந்து போகும். இன்னொன்று செவுள் மூடி. அதன் விளிம்பு கத்தி. தலையை உதறும்போது நூல் அதில் பட்டால் அவ்வளவுதான். பிரெய்ட் என்கிற பின்னல் நூலை நேரே தூண்டில் முள்ளில் கட்டாமல் முன்னால் ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தடித்த தங்கூசி போடுங்கள், 40 இறாத்தல் தாங்குவது போதும். பாலத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கும், அங்கே என்றால் 60 போடுங்கள். இரைக்கு உயிர் இறாலை மிஞ்ச ஒன்றும் இல்லை. முள்ளைத் தலையில் இருக்கிற கறுப்புப் புள்ளியில் படாமல் கொம்புக்குக் கீழே ஏற்றினால் இறால் கனநேரம் நீந்தும். வால் பக்கம் ஏற்றினால் ஓட்டத்தில் சுழன்று நூலை முறுக்கிவிடும்.

மீனைத் தூக்கும்போது செவுளுக்குள் விரலை விடாதே. கைவலை இல்லை என்றால் கீழ்வாயைத் துணியால் பிடி. அணைச் சுவரில் பாசி வழுக்கும், தனியே இறங்காதே, ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா. இந்தச் சனிக்கிழமை பின்னேரம் காற்று விழுந்தால் நான் நாவற்குழிப் பாலத்தில் நிற்பேன். உன் ரீலையும் கொண்டு வா, நூல் சுற்றிய விதத்தைப் பார்ப்போம். மீன் கிடைத்தால் தலை எனக்கு. எங்கள் வீட்டில் கொடுவாத் தலைச் சொதிக்கு அடிபிடி.