வீணைக்கு இன்சூரன்ஸ் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வீணைக்காரி, காரைக்குடி

எங்கள் ஆத்தா கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது வெள்ளிக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு தஞ்சாவூர் வீணையும் இருந்தது. ஏகாண்ட வீணை. அடியில் உள்ள குடம், விரல் ஓடும் தண்டி எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. நான் கற்றுக்கொண்டதும் அதில்தான், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில்தான்.

நாலு வருடம் முன்பு ஏஜென்ட் தம்பி வந்து, நகைக்குப் போடும், தற்செயல் சேதமும் திருட்டும் அடங்கும் ஆல் ரிஸ்க் பாலிசியிலேயே வீணையையும் சேர்க்கலாம் என்றார். மதிப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டார். பிரீமியம் குறையட்டுமே என்று முப்பதாயிரம் என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போன சித்திரையில் சென்னைக்குக் காரில் கொண்டுபோனோம். திருச்சி தாண்டிச் சாப்பிட இறங்கியவர்கள் ஒன்றரை மணி நேரம் வண்டியை வெயிலில் விட்டுவிட்டோம். திரும்பி வந்து உறையைத் திறந்தால், மேளம் கட்டியிருந்த, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்தியிருந்த மெழுகு இளகி, 24 மெட்டில் ஒன்பது சாய்ந்து கிடக்கிறது. அதோடு போகவில்லை. விக்கிரவாண்டிப் பக்கம் மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்ததில், மேலே வைத்திருந்த சூட்கேஸ் சரிந்து குடத்தின் மேல் விழுந்தது. டக்கென்று ஒரே சத்தம். பார்த்தால் முடி அளவுக் கோடு. மந்தர தந்தியை மீட்டினால் மட்டும் உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு கரகரப்பு.

கிளெய்ம் போட்டேன். முதல் கேள்வி, பில் எங்கே? ஆத்தா கல்யாணத்துப் பில்லுக்கு எங்கே போவது? கடைசியில் பெட்டகத்தைக் குடைந்து, கல்யாணச் சீரைப் பட்டியல் எழுதிய முறைச்சிட்டையை எடுத்தேன். "வீணை 1, உறையுடன்" என்று ஐயா கையெழுத்தில் இருந்தது. சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். மகள் அரங்கேற்றப் படத்தில் குடம் நன்றாகத் தெரிந்தது, அதுவும் உதவியது. இன்றைய மதிப்புக்குத் தஞ்சாவூரில் ஒரு ஆசாரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அவர் 90,000 என்று எழுதிக்கொடுத்தார். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்!

கணக்கு இப்படி வந்தது. 90,000 பொருளை 30,000-க்குத்தானே போட்டிருக்கிறீர்கள், ஆகவே எந்தச் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு. விரிசலை அடைக்கச் செலவு 18,000. அதில் 6,000. முதல் ஆயிரம் நம் பொறுப்பாம், அதைக் கழித்துக் கைக்கு வந்தது 5,000. மெழுகு இளகியது வெப்பத்தால் வந்த மாற்றம், விபத்து இல்லை என்று தள்ளிவிட்டார்கள். மறுபடி மேளம் கட்டியது சொந்தச் செலவு.

உங்களுக்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள்.

மேளக்காரர் வீட்டுப் பிள்ளை, குன்றக்குடி

உங்களுக்கு ஐயாயிரமாவது வந்தது ஆச்சி. எங்களுக்கு அதுவும் இல்லை.

கல்யாணக் கச்சேரி முடித்துத் திரும்பும்போது திருமயத்தில் டீக்கு நிறுத்தினோம். பத்து நிமிடம் இருக்கும். வேனில் இருந்த நாகஸ்வரப் பை போய்விட்டது. நரசிங்கம்பேட்டையில் செய்தது. பழைய வீட்டு உத்திரத்து ஆச்சா மரம், பதம் வந்த கட்டை. வாயில் வைத்து ஊதும் சீவாளி எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், அந்தக் கட்டைக்கு எங்கே போவது?

ஸ்டேஷனில் புகார் வந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அது ஆகாது, வழக்குப் பதிந்த எப்.ஐ.ஆர். வேண்டும் என்றது. நடையாய் நடந்து எப்.ஐ.ஆர். போட வைத்தோம். அடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்று. அதற்கு நாலு மாதம். எல்லாம் கொடுத்த பிறகு சொன்னார்கள்: ஆளில்லாத வண்டியிலிருந்து திருடு போனால், கண்ணாடியையோ பூட்டையோ உடைத்த அடையாளம் இருக்க வேண்டும். எங்கள் வேன் பின்கதவு இழுத்தால் திறக்கும். அதற்கு மேல் என்ன பேசுவது. இப்போது டீக்குப் போனாலும் பை தோளில்தான்.

ரெண்டாங்கட்டு, தேவகோட்டை

எங்களுடையது பூட்டிக் கிடக்கிற வீடு. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்கு. பொங்கலுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறப்போம். போன படைப்புக்கு வந்து பார்த்தால் ரெண்டாங்கட்டில், வீட்டின் பின்பகுதியில், ஓடு பிரிந்திருக்கிறது. பித்தளை அண்டா நாலு போயிருந்தது. அதோடு பர்மாவிலிருந்து வந்த ஹார்மோனியமும். பாரிஸ் ரீடு வைத்தது. வீட்டுப் பட்டாலையில் யாராவது அதை இழுத்து வைத்து வாசித்தால்தான் எங்களுக்குப் படைப்பு வந்த மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பாலிசியை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். தீ, புயல், வெள்ளம் எல்லாம் உண்டு. திருட்டு என்றால், அப்படி ஏதாவது நடந்து ஏழு நாளைக்குள் திருடு போயிருந்தால்தான் உண்டாம். சும்மா ஓட்டைப் பிரித்து இறங்கியவனுக்கு அதில் இடமில்லை. அதற்குத் தனியாகக் களவுப் பாலிசி எடுத்திருக்க வேண்டும்.

எடுத்திருந்தாலும் கையெழுத்துப் பிரச்சினை இருக்கிறது. ஹார்மோனியம் யாருடையது? பதினோரு பேருடையது. ஒருவர் மலேசியாவில் ஈப்போவில், இருவர் பெங்களூரில். ஒருத்தர் இன்னொருத்தரோடு பேசுவதே இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு நாள் தேடினேன். ஹார்மோனியம் இருந்தது, எங்களுடையது இல்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர், பள்ளத்தூர்

மூவர் கதையும் எனக்குப் புதிதில்லை. வீணையைக் கையில் எடுத்தே பார்க்காத சர்வேயர்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி, முறைச்சிட்டையை எடுத்துக் கொடுத்தீர்களே, அது நல்ல வேலை. ஆனால் தஞ்சாவூர் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பாலிசி எடுக்கும் அன்றே வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தொகையைக் கம்பெனி ஒத்துக்கொண்டு பாலிசியிலேயே எழுதிவிட்டால், பிறகு மூன்றில் ஒரு பங்கு பேச்சு வராது. மெழுகு, கரையான், ஈரம், தந்தி அறுவது, தவில் தோல் தளர்வது இதையெல்லாம் எங்கேயும் கொடுக்காமல் தள்ளிவிடுவார்கள்.

தேவகோட்டைத் தம்பி சொல்வது 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசி மாதிரித் தெரிகிறது. அதில் விலையுயர்ந்த பொருளை ஒத்துக்கொண்ட மதிப்பில் தனியாகச் சேர்க்க இடமுண்டு, ஆனால் களவு அதில் அடங்காது. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துக்கு, பங்காளிகள் சேர்ந்து ஒருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுத்தால் போதும். பேசாதவர்கள் கையெழுத்தாவது போடுவார்கள்.

குன்றக்குடிப் பிள்ளை கச்சேரிக்குக் கொண்டுபோகிறவர். தொழிலுக்குப் பயன்படும் கருவி என்று பாலிசியில் இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டித் தள்ளுவார்கள். மறுத்தது நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரை பார்ப்பார், கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உடைந்த அடையாளம் இல்லாத வேனுக்கு அங்கேயும் கஷ்டம்தான்.

வீணைக்காரி, காரைக்குடி

ஐயா, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். 90,000 போடச் சொல்லிவிட்டேன். குடத்தில் விரிசலை அடைத்திருப்பதைச் சொல்ல வேண்டுமா? ஏஜென்ட் தம்பி வேண்டாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற சர்வேயர், பள்ளத்தூர்

சொல்லுங்கள். ஒட்டு வைத்த இடத்தை அருகில் படம் எடுத்துப் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள். ஒட்டு வைத்த வீணைக்கு 90,000 போகுமா என்று ஆசாரியிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்தச் சிட்டையை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் ஆச்சி. பெட்டகத்தில் கரையான் ஏறினால் அதற்கு எந்தக் கம்பெனியும் தராது.