உபுண்டு 24.04க்கு மாறியதும் வைஃபை காணவில்லை, லேன் மட்டும் வருகிறது [தீர்ந்தது]

மாடிவீட்டு டியூஷன் | ஞாயிறு காலை 7.40

வணக்கம். என் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 22.04 என்ற இயங்குதளம் இருந்தது, ஒரு குறையும் இல்லை. நேற்று இரவு 24.04க்கு அப்கிரேட் செய்தேன். பெரிய டவுன்லோடு என்பதால் கீழே ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, லேன் வயரைச் செருகித்தான் செய்தேன். நடுவில் ஏதேதோ கேட்டது, பதில் கொடுத்தேன். முடிந்து ரீஸ்டார்ட் ஆனது, புது வால்பேப்பரும் வந்தது.

காலையில் வயரைக் கழற்றி மாடிக்கு எடுத்து வந்தால் வைஃபையே இல்லை. மேல் மூலை மெனுவில் அந்தப் பொத்தானே காணோம். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை என்கிறது. போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது, அதனால் ரவுட்டர் மேல் சந்தேகம் இல்லை.

நாளை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியாக வேண்டும். 22.04க்கே திரும்பிப் போக வழி உண்டா?

புதுப்பெட்டி | காலை 8.05

ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள் அக்கா. அரை மணி நேர வேலை. அப்கிரேட் என்றாலே இப்படித்தான்.

கெர்னல்கிழவன் | காலை 8.30

ஃபார்மட் வேண்டாம், அவசரப்படாதீர்கள். அப்கிரேடைப் பின்னோக்கி நகர்த்தவும் வழி கிடையாது. 22.04 வேண்டுமென்றால் மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

முதலில் இணையத்துக்கு வழி செய்துகொள்வோம். போனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். உபுண்டு அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எதுவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கடத்திக் கொடுக்கும், டேட்டா பேக் கரையாது. கேள்வித்தாளை அப்படி அனுப்பிவிடலாம்.

இனி நோயைப் பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். எல்-எஸ்-பி-சி-ஐ என்று அடித்தால் பெரிய பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் என்ன சிப் என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அட்டை கழன்றிருக்கலாம், அது வேறு கதை.

மாடிவீட்டு டியூஷன் | காலை 9.10

டெதரிங் வேலை செய்கிறது, பாதி உயிர் வந்தது. நன்றி ஐயா.

அந்த வரி இருக்கிறது. பிராட்காம், பிசிஎம்43142.

கெர்னல்கிழவன் | காலை 9.25

நினைத்தேன். 2013, 2014 வாக்கில் வந்த மடிக்கணினிகளில் நிறையப் பார்க்கலாம். இந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னலோடு, அதாவது உபுண்டுவின் மையப் பகுதியோடு, சேர்ந்து வராது. டபிள்யூஎல் என்ற டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்குத் தகுந்தபடி அதைப் புதிதாகக் கட்டித்தர டிகேஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 22.04 வந்தபோது அதன் கெர்னல் 5.15, 24.04 வந்தபோது 6.8. தாண்டும்போது கட்டுமானம் முறிந்திருக்கும் என்பது என் யூகம்.

டி-கே-எம்-எஸ், ஓர் இடம் விட்டு, ஸ்டேட்டஸ் என்று அடியுங்கள். பிசிஎம்டபிள்யூஎல் என்று தொடங்கும் வரியில் 6.8க்கு நேராக இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா?

மாடிவீட்டு டியூஷன் | காலை 9.40

இருக்கிறது ஐயா. 6.8, இன்ஸ்டால்டு என்றே போட்டிருக்கிறது.

கெர்னல்கிழவன் | காலை 9.50

அப்படியானால் என் யூகம் தப்பு. டிரைவர் தயாராக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். கையால் தள்ளிப் பார்ப்போம்: சூடோ, இடம், மோட்ப்ரோப், இடம், டபிள்யூ-எல். என்ன சொல்கிறது?

மாடிவீட்டு டியூஷன் | காலை 10.05

பிழை காட்டுகிறது. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. சாவியை யார் நிராகரித்தது? வைஃபை பாஸ்வேர்டா?

ஈரோட்டுக்காரி | காலை 10.15

வைஃபை பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது செக்யூர் பூட் வேலை, நம்பகமான மென்பொருளை மட்டும் இயங்கவிடும் காவல் ஏற்பாடு. அது இயங்கும்போது, கையெழுத்து இல்லாத டிரைவரையோ தனக்குத் தெரியாத ஆளின் கையெழுத்து போட்ட டிரைவரையோ கெர்னல் உள்ளே விடாது. உங்கள் டபிள்யூஎல் உங்கள் கணினியிலேயே கட்டப்பட்டு, உங்கள் கணினியே உண்டாக்கிய சாவியால் கையெழுத்தானது. அந்தச் சாவியை ‘இது நம்ம ஆள்’ என்று மதர்போர்டில் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். அது நடக்கவில்லை.

உறுதி செய்ய: மோக்யூட்டில், இடம், இரண்டு சிறு கோடு, எஸ்பி, ஒரு கோடு, ஸ்டேட். எனேபிள்டு என்று வரும், பந்தயம்.

ஒன்றுதான் இடிக்கிறது. அப்படியென்றால் 22.04இலும் வைஃபை வந்திருக்கக் கூடாதே?

மாடிவீட்டு டியூஷன் | காலை 10.30

எனேபிள்டு என்றுதான் வருகிறது. ஆனால் 22.04இல் வைஃபை நன்றாக ஓடியது, சத்தியமாக. அக்கா மகன்தான் போட்டுக் கொடுத்தான். முதல் நாள் ஏதோ நீலத் திரைக்குள் போய் எதையோ அணைத்தான் என்று நினைவு.

இது சம்பந்தம் உள்ளதா தெரியவில்லை. நேற்று அப்கிரேட் தொடங்கும் முன் கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டியது. லேன் செருகியதும் தானாகச் சரியானது.

ஈரோட்டுக்காரி | காலை 10.35

சம்பந்தமா? அதுதான் விஷயமே! சமீபத்தில் மடிக்கணினியை யாராவது திறந்தார்களா?

மாடிவீட்டு டியூஷன் | காலை 10.50

ஆமாம். பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கடையில் கொடுத்துப் புதிது போட்டேன், சனி மாலைதான் திரும்பி வந்தது. வந்ததும் லேன் செருகி அப்கிரேட் போட்டேன்.

கெர்னல்கிழவன் | காலை 11.00

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் காலைக் காப்பி ஆறியிருக்காது. :)

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றும்போது உள்ளே நாணயம் போல இருக்கும் சின்ன செல்லையும் கழற்றியிருப்பார்கள். கடிகாரம் பின்னுக்குப் போனதற்கு அதுதான் காரணம். அதோடு பயாஸும் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஆலை அமைப்புக்குத் திரும்பி, உங்கள் அக்கா மகன் அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் மறுபடி உயிர்பெற்றது. ஆக, வைஃபை போனது அப்கிரேடுக்கு முன்னாலேயே. சனி மாலை முழுக்க நீங்கள் லேனில் இருந்ததால் கவனிக்கவில்லை. பழி 24.04 மேல் விழுந்தது.

கடைக்காரர் மேலும் தப்பில்லை. திறந்து வேலை பார்க்கும்போது செல்லைக் கழற்றுவதும் உண்டு.

இன்னொரு கேள்வி. அப்கிரேட் நடுவில் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னதா? ரீஸ்டார்டில் நீலத் திரை வந்ததா?

மாடிவீட்டு டியூஷன் | காலை 11.10

பாஸ்வேர்டு கேட்டது, ஏதோ போட்டேன். நீலத் திரை நினைவில்லை. ரீஸ்டார்ட் ஆகும்போது அடுப்பில் பாலைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஈரோட்டுக்காரி | காலை 11.20

சாவியைப் பதிவு செய்யக் கேட்பது அந்த நீலத் திரைதான், பத்தே நொடிதான் காத்திருக்கும். யாரும் எதையும் தொடாவிட்டால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வழக்கம்போல் பூட் ஆகிவிடும். பால் பொங்கவில்லையே, அதுவரை சரி.

மறுபடி விண்ணப்பிக்கலாம். சூடோ மோக்யூட்டில், இடம், இரண்டு கோடு சேர்த்து இம்போர்ட், இடம், பிறகு சாவிக் கோப்பின் முழு வழி: சாய்கோடு வார், சாய்கோடு லிப், சாய்கோடு ஷிம்-சைன்டு, சாய்கோடு மோக், சாய்கோடு மோக் புள்ளி டெர். கடைசி மோக் மட்டும் பெரிய எழுத்தில், மற்றதெல்லாம் சின்ன எழுத்து. பாஸ்வேர்டு கேட்கும். வெறும் சிற்றெழுத்தாக வையுங்கள். நீலத் திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இருக்கும், அடிப்பது கண்ணிலும் தெரியாது. சிறப்புக் குறிகள் போட்டு அங்கே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும், தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டார்ட் செய்து இந்தத் தடவை நகராமல் உட்காருங்கள். நீலத் திரை வந்ததும் ஏதாவது ஒரு விசை, பிறகு என்ரோல் மோக் (சாவியைப் பதிவு செய்), கன்டின்யூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட்.

புதுப்பெட்டி | காலை 11.30

இவ்வளவு எதற்கு? பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் முடிந்தது. அக்கா மகன் செய்ததும் அதுதானே.

ஈரோட்டுக்காரி | காலை 11.40

முடியும், தப்பில்லை. ஆனால் அடுத்த முறை செல்லைக் கழற்றினால் மறுபடி இதே இழை. சாவி பதிவாகிவிட்டால் செக்யூர் பூட் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் வைஃபை வரும், இனி வரும் கெர்னல்களுக்கும் அதே சாவிதான். இன்னொன்று, அதே கணினியில் விண்டோஸும் அதன் பிட்லாக்கர் வட்டுப் பூட்டும் வைத்திருப்பவர்கள் செக்யூர் பூட்டைத் தொட்டால் ரிக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாடிவீட்டு டியூஷன் | மதியம் 12.25

வந்துவிட்டது!! முதல் தடவை பாஸ்வேர்டு தப்பாகப் போட்டேன், இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டது. மாடியிலிருந்துதான் எழுதுகிறேன். இருவருக்கும் கோடி நன்றி.

ஒரு சின்னச் சந்தேகம். போனில் எங்கள் வைஃபை இரண்டு பெயரில் தெரிகிறது, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். கணினியில் ஒன்றுதான் தெரிகிறது. இன்னும் ஏதாவது பாக்கியா?

கெர்னல்கிழவன் | மதியம் 12.40

பாக்கி இல்லை. உங்கள் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழாது. 22.04இலும் அந்தப் பெயர் தெரிந்திருக்காது. மாடிக்கு 2.4தான் நல்லது, சுவரைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும்.

தறிச்சத்தம் | மதியம் 1.15

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 24.04 போட்டபிறகு பிரச்சினை, ஆனால் வேறு வகை. வைஃபை வருகிறது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மந்தமாகிறது, சில சமயம் அறுந்துபோகிறது. இன்டெல் அட்டை. செக்யூர் பூட் என் கணினியில் அணைந்தே இருக்கிறது.

கெர்னல்கிழவன் | மதியம் 1.30

அட்டை வேலை செய்கிறது என்பதால் இந்த இழையின் மருந்து உங்களுக்கு ஆகாது. மின்சேமிப்பை முதலில் சந்தேகப்படுவேன். ஈடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப் புள்ளி டி, அதில் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்ற கோப்பு. உள்ளே வைஃபை பவர்சேவுக்கு 3 என்று இருக்கும், 3 என்றால் மின்சாரத்தைச் சேமி என்று அர்த்தம். அதை 2 ஆக்கிச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். இரண்டு நாள் பார்த்தும் அறுந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் யாருக்கு எது பதில் என்று தெரியாது.

தறிச்சத்தம் | மாலை 6.50

2 ஆக்கினேன். மதியத்திலிருந்து ஒருமுறையும் அறுபடவில்லை. இரண்டு நாள் பார்க்கிறேன்.

மாடிவீட்டு டியூஷன் | மாலை 7.20

கேள்வித்தாள் போய்விட்டது, தலைப்பிலும் தீர்ந்தது என்று போட்டுவிட்டேன். அக்கா மகனிடம் கேட்டேன், ‘ஆமாம் சித்தி, செக்யூர் பூட்டைத்தான் அணைத்தேன், சொல்ல மறந்துட்டேன்’ என்கிறான்.