கலைச்சொல்: காலக்கோட்டின் தலைப்பில் ‘காது’ வேண்டுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புச் சுவரில் 5 மீட்டர் கயிறு கட்டி, ஓர் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் காது கேளாதோரின் வரலாற்றில் 1760 முதல் 2010 வரையிலான நிகழ்வுகளை அட்டைகளாகத் தொங்கவிட்டிருக்கிறேன். ‘காலவரிசை’ என்றால் எது முன், எது பின் என்பதோடு நின்றுவிடும். இடைவெளியின் நீளமும் கண்ணில் பட வேண்டும் என்பதால் ‘காலக்கோடு’ என்ற பாடநூற்சொல்லே பொருந்துகிறது. அது யாருடைய காலக்கோடு என்று எழுதுவதில்தான் சிக்கல்.

முதலில் ‘செவித்திறன் குறைபாடுடையோர்’ என்று எழுதினேன். அதைப் படித்த மாணவர்கள் காதொலிக் கருவி எந்த ஆண்டு வந்தது என்றே தேடினார்கள். கயிற்றில் இருப்பதோ ஒரு மொழியின் கதை. 1779இல் பியர் தெலோஜ் என்ற காது கேளாத புத்தகம் கட்டும் தொழிலாளி, பாரிசில் தம்மைப் போன்றோர் பள்ளிக்குப் போகாமலேயே தங்களுக்குள் சைகையால் எல்லாவற்றையும் உரையாடுவதை நூலாக எழுதினார். பாரிசிலிருந்து சென்ற காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர் 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கத் துணைநின்றார். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையைவிடப் பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகைமொழி விலக்கப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். 1960இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைமொழியின் அமைப்பை ஆய்ந்து வெளியிடும்வரை 160 சென்டிமீட்டர் வெறுங்கயிறு. அந்த ஆண்டுகளில் விடுதிகளில் ஆசிரியர் பார்வைக்கு அப்பால் மொழியைக் காத்து அடுத்தவருக்குக் கொடுத்தவர்களைக் குறைபாட்டால் பெயரிட மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி உடல்நிலையையும் (deaf) சமூகத்தையும் (Deaf) பிரித்துக் காட்டுவர். தமிழ் எழுத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே ‘சைகைமொழியர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘கைமொழியர்’ சுருக்கமானதுதான், ஆனால் புருவமும் முகமும் இலக்கணத்தில் பங்குகொள்ளும் மொழியைக் கைக்குள் அடக்குவது பிழையாகும்.

*

அம்மா, வணக்கம்.

குறைபாட்டை நீக்கியது மிகச் சரி. ஆயினும் உங்கள் சொல்லை 1988 அட்டையில் எழுதிப் பாருங்கள். அமெரிக்காவில் காது கேளாதோர் படிக்கும், 1864இல் கல்லூரியான கேலடெட்டுக்கு 124 ஆண்டுகளாகக் காது கேட்பவர்களே தலைவர்களாக இருந்தனர். மாணவர்கள் ஒரு வாரம் போராடிக் கேட்டது சைகைமொழி தெரிந்த ஒருவரை அன்று. தங்களைப் போலக் காது கேளாத ஒருவரை. அப்படித்தான் ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். காது கேளாத பெற்றோரிடம் சைகைமொழியைத் தாய்மொழியாகப் பெற்ற, காது கேட்கும் பிள்ளைகளும் சைகைமொழியரே அல்லவா? ‘கேளார்’ எனச் சுருக்கலாம் என்று நினைத்தேன். பழந்தமிழில் அது உறவல்லாதாரை, பகைவரைக் குறிப்பதால் விட்டுவிட்டேன். ‘கேளாதோர்’ போதும் என்பது என் கருத்து. ‘காது’ உறுப்பைச் சுட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது மக்களின் பெயர்.

*

ஐயா, 1988 அட்டையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் தடை சரியானது.

‘கேளாதோர்’ தனித்து நின்றால் சொற்படி நடவாதவர் என்ற பொருளும் தோன்றக்கூடும். ‘கேளாதோர் வரலாறு’, ‘கேளாதோர் பண்பாடு’ என்று வரும்போது அந்த மயக்கம் எழவில்லை. எனவே உடல்நிலைக்குக் ‘காது கேளாமை’ என்றும், சமூகத்துக்குக் ‘கேளாதோர்’ என்றும் கொண்டு, மொழியைக் கையாளும் அனைவருக்கும் பொதுவாகச் ‘சைகைமொழியர்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். தலைப்பை ‘கேளாதோர் வரலாற்றுக் காலக்கோடு’ என்று மாற்றி எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். மிலானில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானங்களைக் கனடாவின் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு மறுதலிக்க 2010 வரை, கயிற்றில் 260 சென்டிமீட்டர், காத்திருக்க நேர்ந்தது. இந்தக் குழுவிலும் இதுவரை பேசியவர்கள் நாம் இருவரும் காது கேட்பவர்களே. இச்சொற்களை எங்கள் ஊர்க் கேளாதோரிடம் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் காட்டி, அவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறேன். அதுவரை சொற்பட்டியலில் சேர்க்க வேண்டாம்.